பழி ஓரிடம், நாற்றம் ஓரிடம்: ஃபெரட்டின் குதச்சுரப்பிகள்

ஃபெரட் என்ற, கீரி போன்ற சிறு பிராணியை வளர்க்கும் வீட்டில் காலெடுத்து வைக்கும் விருந்தாளி கேட்கும் முதல் கேள்வி, "என்ன வாடை இது?" வீட்டுக்காரர் சொல்லும் பதிலும் எங்கும் ஒன்றுதான்: வாலுக்கடியில் இருக்கும் சுரப்பி. இந்தப் பதிலை நம்பித்தான் அந்தச் சுரப்பியைப் பிதுக்குகிறார்கள், அழுத்திக் கழுவுகிறார்கள், அறுத்தெடுத்துவிடச் சொல்லி மருத்துவரிடம் போய் நிற்கிறார்கள். உண்மையில் ஃபெரட்டின் அன்றாட வாடையில் குதச்சுரப்பியின் பங்கு சிறிது. அதில் நோய் வருவதும் அரிது. ஆனால் வாலடியில் எந்த வீக்கத்தைக் கண்டாலும், பிராணி எதற்காக முக்கினாலும், பழி அதன் தலையில்தான் விழுகிறது. அந்த நேரத்தில் வேறோர் உறுப்பில் இருக்கும் ஆபத்தான நோய் கவனிப்பாரற்று முற்றிக்கொண்டிருக்கும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் ஃபெரட் அபூர்வம்தான். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளை ஆசைக்கு வாங்குவான். வாடகை அறையில் வைத்துக்கொள்ள முடியாமல் ஊருக்குக் கொண்டுவந்து தாமான் குடியிருப்பு வீட்டில் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவான். பக்கத்து வீட்டார் அதை மூசாங் (புனுகுப்பூனை) என்பார்கள், கீரிப்பிள்ளை என்பார்கள். இரண்டும் இல்லை. போல்கேட் என்ற ஐரோப்பியக் காட்டு விலங்கிலிருந்து சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் முயல் வேட்டைக்கும் எலி விரட்டவும் பழக்கப்பட்ட பிராணி இது. நம் ஆறுகளில் நீந்தும் நீர்நாயின் குடும்பம். பெண் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ, ஆண் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ. மருந்தைப் பற்றிப் பேசும்போது இந்த எடை மறுபடியும் தேவைப்படும்.

மலத்துளையைக் கடிகார முகப்பாக வைத்துக்கொண்டால், நான்கு மணிக்கும் எட்டு மணிக்கும் நேராகத் தோலுக்கடியில் இரண்டு சிறு பைகள் உண்டு. பையின் சுவரில் உள்ள சுரப்பிகள் மஞ்சள் நிறத் திரவத்தைச் சுரக்கின்றன. அது பைக்குள் சேர்ந்து, மெல்லிய குழாய் வழியாக மலத்துளையின் விளிம்பில் வெளியேறும். சுற்றிலும் சுருக்குத்தசை. மலம் கழிக்கும்போது சிறிதளவு கசியும். பயந்தால், சண்டையிட்டால், சில வேளை விளையாட்டு வெறி தலைக்கேறினால் மொத்தமாக வெளிப்படும். தீபாவளி இரவில் அடுத்த வீட்டில் சரவெடி வெடிக்கும்போது வீடு திடீரென நாறினால், காரணம் சந்தேகமில்லாமல் இந்தச் சுரப்பிதான். அந்த நாற்றம் சில நிமிடங்களில் கலைந்துவிடும். ஸ்கங்க் விலங்கைப் போல் குறிபார்த்துத் தூரத்துக்குப் பீய்ச்சும் வல்லமை ஃபெரட்டுக்குக் கிடையாது.

வாலடிச் சுரப்பு நமக்கு அந்நியமான விஷயமும் அல்ல. தெய்வத் திருமேனிக்குச் சாத்தும் புனுகு, புனுகுப்பூனையின் பின்புறச் சுரப்பியிலிருந்து எடுப்பதுதான். அது குதப்பைக்குப் பக்கத்தில் தனியாக அமைந்த வேறொரு சுரப்பி என்றாலும், விலங்குக்கு அதனால் ஆகும் வேலை ஒன்றே: இது என் இடம், நான் இங்கே இருக்கிறேன் என்று அறிவிப்பது. ஒன்றைக் கருவறைக்குள் கொண்டுபோகிறோம், இன்னொன்றுக்கு மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

அப்படியானால் நாள் முழுக்க வீட்டில் சூழ்ந்திருக்கும் அந்த வாடை எங்கிருந்து வருகிறது? தோலிலிருந்து. ஃபெரட்டின் தோல் முழுவதும் எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்தது. அவற்றைத் தூண்டுவது பாலின ஹார்மோன்கள். காயடிக்காத ஆண் இனப்பெருக்கக் காலத்தில் பிசுபிசுவென்று மஞ்சள் பூத்து, சிறுநீர் உட்பட எல்லாம் நாறும். கருத்தடை செய்ததும் பெருமளவு குறைந்துவிடும். மிச்சமிருக்கும் வாடை படுக்கைத் துணியிலும் மலத்தட்டிலும் காது அழுக்கிலும் ஊறியிருப்பது. இதைத் தீர்க்க வாரம் தவறாமல் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினால் நிலைமை மோசமாகும். எண்ணெயை இழந்த தோல் அதை ஈடுகட்ட இன்னும் அதிகமாகச் சுரக்கும். பிராணியைக் குளிப்பாட்டுவதைக் குறைத்து, அது படுக்கும் துணியை அடிக்கடி துவைப்பதே சரியான வழி.

இந்த இடத்தில்தான் நாய் வளர்ப்பு அறிவு குறுக்கே வருகிறது. நாய்க்கு முடி வெட்டும் கடைகளில் குதச்சுரப்பியைப் பிதுக்கிவிடுவதும் ஒரு சேவை. அதே கையோடு ஃபெரட்டுக்கும் செய்துவிடுகிறார்கள். ஆரோக்கியமான ஃபெரட்டின் சுரப்பியைப் பிதுக்கத் தேவையே இல்லை. அது தானே காலியாகிக்கொள்ளும். விரலால் அழுத்தும்போது பையின் மெல்லிய சுவர் காயப்படும், குழாய் வீங்கும், வீங்கிய குழாய் அடைபடும். இல்லாத நோயை விலை கொடுத்து வாங்குவது என்றால் இதுதான். மலம் இறுகுவதற்காக நாய்க்குப் பூசணிக்காயும் நார்ச்சத்தும் தரச் சொல்வார்கள். ஃபெரட்டுக்கு அதுவும் பொருந்தாது. அதற்குப் பெருங்குடல்வாய்ப் பை கிடையாது, குடல் குட்டை, உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். நாரைச் செரிக்க வழியில்லாத முழு இறைச்சியுண்ணி அது. சோறு, ரொட்டி, மைலோவில் தோய்த்த பிஸ்கட் என்று பாசத்தில் ஊட்டுவதெல்லாம் மலத்தைக் குழைவாக்கும். குழைந்த மலம் வெளியேறும்போது பைகளை அழுத்திக் காலிசெய்யும் வேலையைச் சரியாகச் செய்யாது. புரதம் 35 சதவீதத்துக்குக் குறையாமலும் கொழுப்பு 20 சதவீதத்தை ஒட்டியும் உள்ள இறைச்சி உணவே அதற்கு ஏற்றது.

அரிதென்றாலும் நோய் வரத்தான் செய்கிறது. சுரப்பு கெட்டியாகிக் குழாய் அடைபடுவது முதல் கட்டம். தேங்கிய சுரப்பில் கிருமி பெருகினால் பை அழற்சி, அது முற்றினால் சீழ்க்கட்டி. கட்டி தோலைத் துளைத்துக்கொண்டு உடையும். சரியாக ஆறாவிட்டால் உள்ளே புரையோடி மீண்டும் மீண்டும் ஒழுகும். சில சமயம் சுரப்பித் திசுவிலேயே புற்றுநோய் உண்டாகும். அது பெரும்பாலும் வயதான பிராணிகளில்.

சுரப்பி எடுக்கப்பட்ட பிராணிக்கு இதெல்லாம் வராது என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் மார்ஷல் பண்ணையிலிருந்து வரும் ஃபெரட்களுக்குச் சில வாரக் குட்டியாக இருக்கும்போதே கருத்தடையும் சுரப்பி நீக்கமும் முடிந்துவிடும். அடையாளமாக வலது காதில் இரண்டு பச்சைக்குத்துப் புள்ளிகள் இருக்கும். அத்தனை சிறிய உடலில் செய்யும் அறுவையில் பையின் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட வாய்ப்புண்டு. தங்கிய துணுக்கு சுரந்துகொண்டே இருக்கும், வெளியேற வழியிருக்காது. சில ஆண்டுகள் கழித்து வாலடியில் கட்டி எழும்பும்போது, சுரப்பிதான் இல்லையே என்று வளர்ப்பவரும் மருத்துவரும் சேர்ந்தே குழம்புவார்கள்.

நோயின் அடையாளங்கள் ஒளிவுமறைவானவை அல்ல. பின்புறத்தைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு போகும். திரும்பித் திரும்பி நக்கும். மலம் கழிக்கும்போது முக்கும், சில வேளை கத்தும். தூக்கினால் கடிக்க வரும். ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும். பிடரித் தோலை ஒரு கையால் பற்றி முன்கால்கள் தொங்குமாறு உயர்த்தினால் ஃபெரட் தளர்ந்து வாயைப் பிளந்து நீண்ட கொட்டாவி விடும். பெரும்பாலானவை அப்படியே அசையாமல் தொங்கும். பின்னங்கால்களுக்கு இன்னொருவர் முட்டுக் கொடுக்கட்டும். வாலை மெல்ல உயர்த்திக் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். இயல்பான மலத்துளை வெளிறிய இளஞ்சிவப்பாக, இரு பக்கமும் சமமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் புடைத்து, தோல் இறுகிப் பளபளத்து, செந்நீல நிறம் கண்டு, தொட்டால் சூடாக இருந்தால் சீழ் கோத்திருக்கிறது என்று பொருள். சுற்றியுள்ள முடி சிக்குப் பிடித்து ஒட்டியிருந்தால் கட்டி ஏற்கெனவே உடைந்திருக்கலாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழுத்த வேண்டாம்.

பார்த்தும் ஏமாறக்கூடிய நோய்கள் பல உண்டு. அவற்றில் உயிரை வேகமாகக் கொண்டுபோவது ஆண் ஃபெரட்டின் சிறுநீர் அடைப்பு. சிறு வயதில் கருத்தடை செய்யப்பட்ட ஃபெரட்களுக்கு மூன்று நான்கு வயதுக்கு மேல் சிறுநீரகத்துக்கு அருகிலுள்ள அட்ரினல் சுரப்பியில் நோய் வருவது மிகச் சாதாரணம். அந்தச் சுரப்பி கட்டுப்பாடின்றிப் பாலின ஹார்மோன்களைக் கொட்ட, ஆணின் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்க்குழாயை நெரிக்கும். பிராணி மலத்தட்டில் போய் முதுகை வளைத்து முக்கும், ஒன்றும் வராது. பார்ப்பவருக்கு மலச்சிக்கல் போலவோ சுரப்பி அடைப்பு போலவோ தோன்றும். நாள் முழுக்கச் சிறுநீர் வரவில்லையென்றால் மறுநாள் பிராணி இல்லாமல் போகலாம். வாலில் தொடங்கி முடி உதிர்வதும் அட்ரினல் நோயின் கைவரிசைதான். அதற்கு டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் குச்சியைத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். குதச்சுரப்பியைப் பிதுக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அங்கே வீண்.

பெண்ணில் இதே அட்ரினல் நோய் பிறப்புறுப்பை வீங்கவைக்கும். வீக்கம் வாலடியில் இருப்பதால் சுரப்பி என்று நினைப்பார்கள். கருத்தடை செய்யாத பெண்ணாக இருந்தால் சினைப்பருவத்தாலும் அப்படி வீங்கலாம். இணை சேராமல் ஃபெரட்டின் சினைப்பருவம் எளிதில் முடியாது; வாரக்கணக்கில் நீளும் ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையை முடக்கி, இரத்தசோகையில் கொண்டுபோய் விட்டுவிடும். வீக்கம் மலத்துளைக்குப் பக்கவாட்டில் இருக்கிறதா, அதற்குக் கீழே நடுவில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது ரப்பர். பால்மரத்தை நம்பி வளர்ந்த ஊருக்கு இது ஒரு வேடிக்கையான விதி. இளம் ஃபெரட்டுக்கு ரப்பர் என்றால் உயிர். வாசலில் கிடக்கும் சிலிப்பர், தொலைக்காட்சி ரிமோட்டின் பொத்தான்கள், குழந்தையின் பால்புட்டிக் காம்பு எதுவும் தப்பாது. கடித்து விழுங்கிய துண்டு குடலை அடைத்தால் முக்கல், வாயில் நுரை, உணவில் வெறுப்பு. மூன்று நான்கு மணிக்கொரு முறை மலம் கழிக்க வேண்டிய பிராணி அரை நாளாகக் கழிக்கவில்லை என்றால் வாலடியை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்கள்.

குட்டிகளில் மலக்குடல் வெளித்தள்ளுவதும் உண்டு. மலத்துளையிலிருந்து சிவந்த ஈரமான சதை வளையம் பிதுங்கி நிற்கும். பெரும்பாலும் காக்சிடியா ஒட்டுண்ணியோ குடல் சுவரைத் தடிக்கவைக்கும் பாக்டீரியாவோ காரணம். நீண்ட வயிற்றுப்போக்கில் மலத்துளை புண்ணாகி நக்குவதும் தேய்ப்பதும் வேறு கதை. எல்லாவற்றுக்கும் தோற்றம் ஏறக்குறைய ஒன்று, மருந்து முற்றிலும் வேறு.

எங்கே காட்டுவது? தோட்டத்து ஊர்களில் அரசு கால்நடை அலுவலகம் மாடு, ஆடு, கோழிக்கானது. தனியார் கிளினிக் இருந்தால் நாய், பூனைக்கானது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அங்குள்ள கிளினிக்குகளிலும் எல்லோரும் ஃபெரட் பார்ப்பதில்லை. சிக்கலான அறுவை என்றால் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் இரண்டு விஷயங்களைக் கேட்பது நல்லது: ஃபெரட்டுக்கு வாயு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கமுண்டா, சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்களா. மதிய வெயிலில் புறப்படாதீர்கள். வியர்த்துக் குளிரத் தெரியாத இந்த உடல் 30 டிகிரிக்கு மேல் தத்தளிக்கும். கூண்டில் உறைந்த தண்ணீர் போத்தல் ஒன்றைத் துண்டில் சுற்றி வையுங்கள். காத்திருப்பு அறையில் நாய்களிடமிருந்து தள்ளியே வைத்திருங்கள். நாய்களின் டிஸ்டெம்பர் நோய் தடுப்பூசி போடாத ஃபெரட்டுக்குத் தொற்றினால் பிழைப்பது அநேகமாக இல்லை.

மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது முழு உடல் பரிசோதனை. வயிற்றைத் தடவினாலே நிரம்பிய சிறுநீர்ப்பையோ குடலில் சிக்கிய துண்டோ கையில் தட்டுப்படும். வலிக்கும் சுரப்பியை விழித்திருக்கும் ஃபெரட்டில் தொட முடியாது. ஐசோஃபுளூரேன் வாயுவைச் சில நிமிடம் முகரவைத்துத்தான் பார்ப்பார்கள். பட்டினி போடுவதில் கவனம் தேவை. நாய்க்கு இரவு முழுக்கப் பட்டினி போடுவது போல இதற்குப் போட்டால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி இருக்கும் நடுவயது ஃபெரட் சர்க்கரை இறங்கி மேசையிலேயே மயங்கிவிடும். மூன்று நான்கு மணி நேரம் போதும். மயக்கத்தில் சுரப்பியைத் தொட்டுப் பார்த்து, வெளிவரும் திரவத்தின் நிறத்தையும் கெட்டியையும் கவனித்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெள்ளணுக்களும் பாக்டீரியாவும் குவிந்திருந்தால் தொற்று. மிச்சத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று தெரியும். சீழே இல்லாமல் கட்டியாகக் கையில் உருண்டால் ஊசியால் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். முதுகெலும்புக்குக் கீழுள்ள நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கின்றனவா என்று அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும்.

வெறும் அடைப்பு என்றால் சிகிச்சை எளிது. மயக்கத்தில் மெல்லப் பிதுக்கி, குழாய் வழியாக உப்புநீர் செலுத்தி அலசிவிடுவார்கள். தொற்று இருந்தால் அதோடு ஆன்டிபயாடிக். அமோக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த திரவமோ என்ரோஃபுளோக்சாசினோ வழக்கம். மெட்ரோனிடசோலும் சில வேளை தருவார்கள். அதன் கசப்புக்கு ஃபெரட் வாயில் நுரை தள்ளிப் பின்வாங்கி ஓடும்; சால்மன் எண்ணெயைத் தொட்டு நக்கவைத்துக்கொண்டே கொடுப்பது ஒரு உபாயம். அளவு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் இருக்கும் என்பதால் 1 மில்லிலிட்டர் சிரிஞ்சு இல்லாமல் மருந்தை வாங்கி வராதீர்கள். வலிக்கு மெலோக்சிகாம். வீட்டில் இருக்கும் இபுபுரோஃபென் மாத்திரையில் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தால்கூட இந்த ஒரு கிலோ உடம்பு தாங்காது. ஃபெரட்டுக்கு அது கொடிய நஞ்சு. பாராசிட்டமாலும் அப்படியே.

சீழ்க்கட்டியைக் கீறி வடிக்க வேண்டும். கீறிய வாயைத் தையல் போட்டு மூடமாட்டார்கள். உள்ளிருந்து ஆறி வர வேண்டும் என்பதற்காகத் திறந்தே விடுவார்கள். வீட்டில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை நாளுக்கு மூன்று நான்கு முறை, ஐந்து நிமிடம் போல ஒற்றினால் சீழ் நன்றாக வடியும். நம் ஊர் வெப்பத்தில் இந்தத் திறந்த புண்ணுக்கு இன்னொரு எதிரி உண்டு: ஈ. மாட்டுப் புண்ணில் புழு வைப்பதைத் தோட்டத்துக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். உயிருள்ள சதையைத் தின்னும் திருகுப்புழு ஈ மலேசியாவில் உண்டு. கூண்டின் மேல் கொசுவலை போர்த்தி, ஆறும்வரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். மாட்டுக்குச் செய்த அந்துருண்டைப் பொடியையும் மண்ணெண்ணெயையும் இதற்குக் கொண்டுவராதீர்கள். மாட்டின் எடை சில நூறு கிலோ. தடவியதைப் பெரும்பாலும் நக்காது. ஃபெரட் கடைசிச் சொட்டுவரை நக்கிவிடும். தைலங்களுக்கும் இதுவே பொருந்தும். நக்குவதைத் தடுக்கக் கழுத்தில் கூம்பு மாட்டலாமே என்றால், ஃபெரட்டின் கழுத்தும் தலையும் ஒரே பருமன். மாட்டிய வேகத்தில் கழற்றி எறிந்துவிடும்.

சுரப்பியையே எடுத்துவிடுவது எப்போது நியாயம்? திரும்பத் திரும்பச் சீழ் கோத்தால், புரையோடினால், துணுக்கு தங்கியிருந்தால், புற்றுநோய் என்று தெரிந்தால். தொற்று தணிந்த பிறகே செய்வார்கள். வீங்கிய திசுவில் எது பை, எது தசை என்று பிரித்தறிய முடியாது. வாடைக்காக எடுப்பதைப் பிரிட்டனில் தேவையற்ற உறுப்புச் சிதைப்பாகவே கருதுகிறார்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் அங்கே செய்வதில்லை. அது சரியான நிலைப்பாடு என்றே எனக்குப் படுகிறது. எடுத்த பிறகும் தோலின் வாடை அப்படியே இருக்கும் என்பதை முன்கூட்டிச் சொன்னால், கேட்டு வருபவர்களில் பலர் திரும்பிப் போய்விடுவார்கள்.

அறுவையின் நுட்பமெல்லாம் சுருக்குத்தசையில்தான். பை அந்தத் தசையோடு ஒட்டிக் கிடக்கிறது. பையை உடைக்காமல், தசை இழைகளை வெட்டாமல், குழாய் வாய்வரை முழுதாக உரித்தெடுக்க வேண்டும். உடைந்தால் துணுக்கு தங்கும். தசை வெட்டுப்பட்டால் மலம் அடங்காது. எடுத்ததைக் குப்பையில் போடாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், தொற்று மட்டும்தான் என்று மருத்துவர் நினைத்தாலும். புற்றுநோய் என்றால் அது நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் இயல்புடையது. அறுவை முடிந்தாலும் சில மாதங்களுக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

முதல் சில நாட்கள் மலம் அங்குமிங்கும் சொட்டுவது சகஜம். வீங்கிய தசை சரியாக மூடாததே காரணம். மென்மையான இறைச்சிக் கூழைக் கொடுத்து, மலத்தட்டில் மணலுக்குப் பதில் கிழித்த தாளை விரித்தால் புண்ணில் தூசி ஒட்டாது. வீக்கம் முழுதும் வற்றிய பிறகும் தூங்கும்போது மலம் தன்னையறியாமல் ஒழுகினால், தசையோ அதன் நரம்போ அடிபட்டிருக்கலாம்; அறுத்த மருத்துவரிடமே திரும்பக் காட்ட வேண்டும்.